தேறினது பத்து

ஒன்பதரைக்குத்தான் அங்கே போன் எடுப்பார்கள், இப்போது ஒன்பது பத்து, இன்னும் இருபது நிமிடம் இருக்கிறது, அதற்குள் சொல்ல வேண்டியதை ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொள்ளலாம், என் பேர் மயிலாத்தாள், வயது அறுபத்தெட்டு, வலது தோள், தூக்க முடியவில்லை, ஐந்து மாதமும் பதினோரு நாளும் ஆகிறது. பதினோரு நாளைச் சொல்ல வேண்டாம். ஐந்து மாதம் என்றாலே போதும். ஆனால் அது ஐந்து மாதம் இல்லையே, அந்தப் பதினோரு நாளை எங்கே கொண்டுபோய் வைப்பது. சொன்னால் போன் எடுக்கிற பெண் சிரிப்பாள். சிரித்தால் எனக்கு அடுத்த வார்த்தை வராது. ஆள் எதிரே நின்றாலே எனக்குப் பாதிப் பேச்சு தொண்டையில் நின்றுவிடும், போனில் எதிரே யார் இருக்கிறார்கள், எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்கிறார்கள் என்பதும் தெரியாது. நம்பர் எழுதிய சீட்டு மடியில் இருக்கிறது. பத்து எண்ணையும் நான்கு முறை சரிபார்த்துவிட்டேன். இடது கையால்தான் அழுத்த வேண்டும். வலது கையை மடிமேல் வைத்திருக்கிறேன், தூங்குகிற குழந்தையை வைத்திருப்பதுபோல, அது விழித்துக்கொண்டால் எனக்குத்தான் கஷ்டம்.

நம்பர் தந்தது ஜெசிந்தா. மேல் வீட்டுக்காரி, தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து திருப்பூருக்குப் பனியன் வேலைக்கு வந்தவள், இந்த வீட்டுக்கு வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது, வீட்டிலேயே மிஷின் போட்டுத் தைக்கிறாள். எட்டரைக்கு அவள் உட்கார்ந்தால் என் தலைக்கு மேலே மிஷின் ஓடிக்கொண்டே இருக்கும், இப்போதும் ஓடுகிறது. நேற்று நான் ஈரச் சேலையை இடது கையால் கொடியில் எறிவதையும் அது விழுவதையும் மறுபடி எறிவதையும் படியில் நின்று பார்த்துவிட்டாள். “ஏக்கா, என்ன, மீனுக்கு வலை வீசுதியா?” என்றாள். சொல்லாமல் மறைக்க முடியவில்லை. கையைத் தூக்கச் சொன்னாள், தூக்கினேன், “இம்புட்டுதானா? ஒத்தக் கையால சாமி கும்பிட்டா சாமியும் ஒத்தக் கையாலதான தரும்” என்றாள், பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு மேலே போய் இந்தச் சீட்டை எடுத்துவந்தாள். அவளுக்கு இடுப்பு வலிக்கு அங்கேதான் பிசியோ பார்த்தார்களாம். முதல் நாள் என்ன செய்வார்கள் என்று நான் கேட்டேன், கேட்டபோது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. “மொத நாளு ஒண்ணும் பண்ண மாட்டாவக்கா. உக்கார வச்சுக் கேள்வியாக் கேப்பாவ. பொண்ணு பாக்க வந்தவன்கூட அம்புட்டுக் கேக்க மாட்டான். எப்பத் தொடங்கிச்சு, எந்தப் பக்கம் படுப்ப, என்ன வேலை பாத்த, எல்லாம். அப்புறம் ஒரு அளவுகோல வச்சுக் கைய அளப்பாவ. அப்புறம் மெள்ளப் புடிச்சுத் தூக்கிப் பாப்பாவ. தொளதொளன்னு ஒரு ஜாக்கெட் போட்டுட்டுப் போ. எக்ஸ்ரே இருந்தா கொண்டு போ. கா மணி நேரம் முன்னாடியே போயிரு, நீதான் அர மணி நேரம் முன்னாடியே போற ஆளாச்சே.” இத்தனையும் நான் கேட்டுக்கொண்டேன். ஆனால் நடுவில் ஒரு வார்த்தையில் மாட்டிக்கொண்டேன், இன்னும் அதிலேயே மாட்டியிருக்கிறேன். பிடித்துத் தூக்கிப் பார்ப்பார்கள். நான் படுத்திருப்பேன். ஒருத்தி என் மணிக்கட்டை ஒரு கையாலும் முழங்கையை ஒரு கையாலும் பிடித்துத் தூக்குவாள். எனக்கு அந்தப் பிடி தெரியும். மேலே இருந்து தெரியும், கீழே இருந்து தெரியாது.

ஒன்பது பதினான்கு. இந்தக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து கையை நீட்டினால் எதிரே ஜன்னல். ஜன்னலில் குறுக்குக் கம்பி ஏழு. இன்று காலை பார்த்தேன், கீழிருந்து மூன்றாவது கம்பிவரை விரல் போகிறது, நான்காவது கம்பிக்குப் போவதற்குள் தோளுக்குள் யாரோ கதவைச் சாத்திவிடுகிறார்கள். போன மாதம் நான்காவது கம்பி. அதற்கு முந்தின மாதம் ஐந்து. மூன்று என்று ஆனது போன செவ்வாய்க்கிழமை. அன்றைக்குத்தான் எனக்குப் பயம் வந்தது, அதுவரை வலி மட்டும்தான் இருந்தது. ஏனென்றால் மூன்றாவது கம்பி அவருடையது. அவர் கையும் அங்கேதான் நின்றது. அவருக்கும் வலது கை. இதே இடத்தில் தலையணை வைத்து உட்காரவைத்து, நான் தூக்கித் தூக்கி, எண்பத்து மூன்று நாளில் அவர் கை மூன்றாவது கம்பியைத் தாண்டவில்லை. என் வீட்டுக்காரர் போய் நான்கு வருடம் ஆகிறது. அவர் கை மட்டும் எங்கேயோ இருந்துவிட்டு இப்போது வந்து என் தோளில் மாட்டிக்கொண்டதுபோல இருக்கிறது, அவருடைய கையைத்தான் நான் மடியில் வைத்திருக்கிறேன், இந்தக் கனம் என்னுடையது இல்லை. தோள் இறுகிப்போயிருக்கிறது, இந்த வயதில் வருவதுதான், பிசியோ செய்தால் சரியாகும், விட்டால் இப்படியே நின்றுவிடும் என்று டாக்டர் சொன்னார். எக்ஸ்ரேயில் எலும்பு வெள்ளையாகச் சுத்தமாக இருந்தது. அதில் அவர் இல்லை. நான் நன்றாகப் பார்த்தேன்.

அவர் போனபின் நான் இந்தக் கட்டிலில் படுப்பதில்லை, பக்கத்தில் பாய் போட்டுக்கொள்கிறேன். உட்காருவேன், அதுவும் ஓரத்தில். காலை எட்டு மணி, மதியம் ஒரு மணி, சாயங்காலம் ஆறு மணி, இந்த மூன்று வேளையும் இந்த அறையில் இருப்பதில்லை. எட்டு மணிக்குத் தண்ணீர்க் குழாய்க்குப் போய்விடுவேன், தண்ணீர் வராத நாளிலும் போவேன். ஒரு மணிக்கு வாசற்படியில் உட்கார்ந்து சாப்பிடுவேன். ஆறு மணிக்கு மாரியம்மன் கோயில். பக்தி என்று ஜெசிந்தா நினைத்துக்கொண்டிருக்கிறாள். இருந்தால் சத்தம் கேட்கும். டொக். டொக். கட்டில் இரும்புக் குழாயில் தட்டுகிற சத்தம். ஆடிக் காற்றுக்கு ஜன்னல் கதவு அடித்துக்கொள்கிறது என்று கயிறு போட்டு மூன்று முடிச்சுப் போட்டேன். கதவு அசையவில்லை. சத்தம் நிற்கவும் இல்லை. ஒரு மணிக்குக் கேட்பது ஆறு மணிக்குக் கேட்பதைவிடப் பலமாக இருக்கும், அவருக்கும் அப்படித்தான், மதியம்தான் பலமாகத் தட்டுவார்.

ஒன்பது பதினெட்டு. எதற்கு இதையெல்லாம் இப்போது. என்ன வேலை பார்த்தாய் என்று கேட்பார்களாம், அதைச் சொல்லிப் பார்க்கலாம். பனியன் கம்பெனியில் செக்கிங். முப்பத்தொரு வருடம். ஐந்தாவது படித்தவளுக்கு அது நல்ல வேலை. நின்றுகொண்டே வேலை, மேஜைமேல் விளக்கு, தைத்து வந்த பீஸை விரித்து, கழுத்து, தோள், கை, அடிமடிப்பு, ஓட்டை இருக்கிறதா, எண்ணெய்க் கறை இருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா என்று பார்த்துத் தேறினதை வலது பக்கமும் தேறாததை இடது பக்கமும் போட வேண்டும். பன்னிரண்டு தேறினால் ஒரு கட்டு. என்னைப் பழக்கின சூப்பர்வைசரம்மா முதல் நாள் சொன்னது ஒன்றுதான், தேறாததை எண்ணாதே, எத்தனை பீஸைத் தொட்டாய் என்று யாரும் கேட்கப் போவதில்லை, எத்தனை தேறிற்று என்றுதான் கேட்பார்கள். மற்றவர்கள் அரைகுறையைச் சேர்த்துப் பன்னிரண்டாக்குவார்கள். நான் சேர்த்ததில்லை. முப்பத்தொரு வருடத்தில் என் கட்டு ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. எனக்குச் சொல்லிக்கொள்ள இருப்பது இது ஒன்றுதான். அவர் அதே கம்பெனியில் டெம்போ ஓட்டினார். கட்டுகளை ஏற்றும்போது நான் எண்ணுவேன், அவர் வண்டியின் பக்கவாட்டுத் தகட்டில் ஒரு கட்டுக்கு ஒரு தட்டுத் தட்டுவார், என் வாய்க் கணக்கும் அவர் கைக் கணக்கும் கடைசியில் ஒன்றாக வர வேண்டும். வரும். நாங்கள் பேசிக்கொண்டதெல்லாம் கல்யாணத்துக்கு முன்னால் அதுதான். நான் ஒன்று என்பேன், அவர் டொக் என்பார்.

அதனால்தான். அதனால்தான் அப்படி நினைத்தேன். வேறு எப்படி நினைப்பேன்.

அவருக்குப் பக்கவாதம் வந்து வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போய், பத்தொன்பதாவது நாள் ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பினார்கள். போகிற அன்று ஒரு பெண் வந்து கட்டில் பக்கத்தில் நின்று எனக்குச் சொல்லிக்கொடுத்தாள், நீலச் சட்டை, மூக்குத்தி இல்லை, இடது கையில் கடிகாரம், ஐந்து நிமிடம் சொல்லிக்கொடுத்தாள். இங்கே பிடிங்க, இப்படித் தூக்குங்க, மெதுவா இறக்குங்க. பத்துத் தடவை, மூணு வேளை. பிறகு என்னமோ சொன்னாள். அந்த இடம்தான். அப்போது மாத்திரை அட்டையை என் கையில் தந்தார்கள், ஒரு அட்டையில் பதினாலுக்குப் பதில் பதிமூன்று இருந்தது, நான் அதை எண்ணிக்கொண்டிருந்தேன். அவள் வாய் அசைந்தது. அசைந்ததா. நீலச் சட்டை தெரிகிறது, கடிகாரம் தெரிகிறது, பத்தும் மூன்றும் கேட்கிறது, அதற்கு அடுத்து அவள் வாய் அசைகிறது, சத்தம் மட்டும் இல்லை. வலித்தால் நிறுத்துங்கள் என்று சொன்னாளா, சொல்லவில்லையா. சொல்லியிருந்தால் நான் கேட்காமல் விட்டேன். சொல்லாமல் இருந்தால் அது என்மேல் இல்லை. நான்கு வருடமாக அந்த வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். சில நாள் சொன்னதுபோல இருக்கிறது, சில நாள் போயிட்டு வாங்க என்றதுபோல இருக்கிறது.

வீட்டுக்கு வந்தபின் எட்டு மணி, ஒரு மணி, ஆறு மணி. ஒரு வேளை தவறவில்லை. பத்துத் தடவை என்றால் பத்து. ஆனால் பாதியில் நின்றுவிட்ட கையை எப்படிப் பத்தில் சேர்ப்பது. மூன்றாவது கம்பிவரை வந்தால் அது ஒன்று. இரண்டாவது கம்பியில் நடுங்கி நின்றுவிட்டால், இறுகிக்கொண்டால், என் பிடியிலிருந்து நழுவினால், அது தேறாதது. தேறாததை எண்ணக்கூடாது. மறுபடி தூக்குவேன். தேறினது பத்து ஆகும்வரை தூக்குவேன். சில வேளை இருபது தடவையில் முடியும், சில வேளை நாற்பது ஆகும். அவர் இடது கையால் கட்டில் குழாயில் தட்டுவார். டொக், டொக். எனக்கு முதல் நாள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சந்தோஷத்தில். பேச்சுப் போனாலும் கணக்குப் போகவில்லை, என்கூட எண்ணுகிறார் என்று நினைத்தேன். ஆனால் அவர் தேறாததுக்கும் தட்டினார். தேறாததுக்குத்தான் அதிகம் தட்டினார். நான் என்ன சொன்னேன் தெரியுமா, “அது சேராதுங்க, தப்பா எண்ணாதீங்க” என்று சொன்னேன். ஒரு தடவை இல்லை. அவர் என்னைப் பார்ப்பார், பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். தேறாததையும் நோட்டில் தனியாக எழுதிவைத்தேன், கம்பெனியில் டேமேஜை எழுதுவதுபோல. எண்பத்து மூன்று நாளில் தேறினது இரண்டாயிரத்து நானூற்றுத் தொண்ணூறு. தேறாதது நாலாயிரத்து நூற்றாறு. எண்பத்து நான்காவது நாள் காலை நான் வெந்நீர் வைத்துக்கொண்டிருந்தபோது அவருக்கு மறுபடியும் வாதம் வந்தது, போய்விட்டார். அதே நோய்தான், கைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று சொன்னார்கள். சம்பந்தமில்லை. அதை நான் நம்புகிறேன். செத்ததற்கு நான் காரணமில்லை. நான் கேட்பது அது இல்லை. உயிரோடு இருந்த எண்பத்து மூன்று நாள் அவர் என்ன சொல்லிக்கொண்டிருந்தார் என்பதுதான்.

ஒன்பதரை. ஒன்பது முப்பத்தொன்று ஆகட்டும், கதவைத் திறந்தவுடனே போய் நிற்பதுபோல இருக்கக் கூடாது. அழுத்துகிறேன். மணி அடிக்கிறது, ஆறு தடவை அடித்தபின் ஒரு இளம்பெண் குரல், சிரித்துக்கொண்டே எடுக்கிற குரல்.

“வணக்கம், சொல்லுங்க.”

“பிசியோவுக்குங்க. புதுசுங்க.”

“சரிங்கம்மா. பேரு?”

“மயிலாத்தாள். வயசு அறுபத்தெட்டு. வலது தோள். தூக்க முடியறதில்லை. அஞ்சு மாசம்” என்று சொல்லிவிட்டேன், நிறுத்தியிருக்கலாம், “பதினோரு நாளுங்க.”

அவள் சிரிக்கவில்லை. எழுதுகிற சத்தம்தான் கேட்கிறது. டாக்டர் சீட்டு இருக்கிறதா என்றாள், இருக்கிறது. சர்க்கரை இருக்கிறதா, இல்லை. முதல் நாள் முக்கால் மணி நேரம் ஆகும், பரவாயில்லையா என்றாள், முக்கால் மணி நேரத்தில் எனக்கு என்ன குறைந்துவிடப் போகிறது. பிறகு, “வலி எவ்வளவு இருக்குங்கம்மா? பத்துக்கு எத்தனை சொல்லுவீங்க?” என்றாள். எனக்குப் புரியவில்லை. “ஒண்ணுன்னா லேசா இருக்குது, பத்துன்னா தாங்கவே முடியல. நீங்க எத்தனைன்னு சொல்லுங்க.” வலிக்கு எண் இருக்கிறது என்று எனக்கு இத்தனை வயதுக்கு யாரும் சொல்லவில்லை. சும்மா இருந்தால் மூன்று, முன்பக்கம் தூக்கினால் ஏழு, பின்னால் கொண்டுபோனால் எட்டு, தூங்கும்போது புரண்டால் எட்டரை, அரை உண்டா என்று கேட்டேன். “அரையெல்லாம் வேண்டாங்கம்மா, ஏழுன்னு போட்டுக்கறேன்” என்றாள். ஏழு. எனக்கு ஏழு. அப்படியானால் அவருக்கு எத்தனை. இரண்டாவது கம்பியில் கை நடுங்கினபோது எத்தனை. நான் பத்துவரை எண்ணிக்கொண்டிருந்தபோது அவரும் உள்ளே பத்துக்கு எத்தனை என்று ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்திருப்பார், அதை நான் எழுதவில்லை, நோட்டில் அதற்குக் கட்டமே இல்லை. “அம்மா, இதுக்கு முன்னாடி பிசியோ எடுத்திருக்கீங்களா?” என்று அவள் கேட்கிறாள். “எனக்கு இல்லைங்க” என்றேன். “வீட்ல வேற யாருக்காச்சும்?” என்கிறாள், இது எழுதுவதற்கான கேள்வியா, சும்மா கேட்கிறாளா. “அவருக்கு நான்” என்றேன். “என்னங்கம்மா?” “நான் செஞ்சேன்.” “நீங்க பிசியோவா?” என்று கேட்டுச் சிரித்தாள், கெட்ட சிரிப்பு இல்லை, ஆனால் என் கட்டைவிரல் சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டது.

வைத்துவிட்டேன். நாள் வாங்கவில்லை, நேரம் வாங்கவில்லை. மேலே மிஷின் நின்றது, “ஏக்கா, ஆச்சா?” என்று ஜன்னல் வழியாகக் கத்துகிறாள். “லைன் கிடைக்கல” என்று சொல்கிறேன். “நீ கூச்சப்பட்டுக்கிட்டு வச்சிருப்ப. நான் வந்து பேசட்டா?” “வேண்டாம் சாமி, நீ தை.” மிஷின் மறுபடி ஓடுகிறது. போகாமலே இருந்துவிடலாம். இடது கை இருக்கிறது, தலைமுடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டால் சீவ வேண்டியதில்லை, ஜாக்கெட்டுக்கு முன்பக்கம் ஊக்கு, மேல் தட்டில் இருக்கிற டப்பாக்களைக் கீழே இறக்கிவைத்தால் முடிந்தது. கை இப்படியே நிற்கட்டும், மூன்றாவது கம்பியில், அவருக்கு நின்ற இடத்தில் எனக்கும் நின்றால் அது ஒரு நியாயம். ஆனால் போகாவிட்டால் தெரியாமலே போய்விடும். பயம் வலிக்கு இல்லை. அங்கே ஒருத்தி என் கையைத் தூக்கும்போது, இந்த இடத்தில் அவருக்கு இப்படி இருந்தது என்று எனக்குத் தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் பிறகு தெரியாததுபோல இருக்க முடியாது. தெரியாமலும் இருக்க முடியவில்லை. ஒன்பது நாற்பத்தைந்து. ஒன்பது நாற்பத்தாறு. அந்த நீலச் சட்டைக்காரி வாயை அசைக்கிறாள். நான் மாத்திரையை எண்ணிக்கொண்டிருக்கிறேன். பதிமூன்று. ஒன்பது ஐம்பதுக்கு மறுபடி அழுத்தினேன், கை எப்படி அழுத்திற்று என்று தெரியவில்லை, இந்தத் தடவை வேறு குரல், கொஞ்சம் வயதான, அவசரமில்லாத பெண் குரல்.

“சொல்லுங்க. நான் பிசியோ தமயந்தி பேசறேன். போன் எடுக்கற பொண்ணு மருந்துக்கடை வரைக்கும் போயிருக்குதுங்க. நீங்கதானுங்களா இப்ப பேசிட்டு வச்சது? பதினோரு நாளு?”

“நான்தானுங்க.”

“பயந்துட்டீங்களா?”

இல்லை என்று சொல்ல நினைத்தேன். “ஆமாங்க” என்றேன்.

“முதல் தடவைன்னா எல்லாருக்கும் இருக்கறதுதானுங்க. மொதல்ல பேசுவோம். அப்புறம் நீங்களே கையத் தூக்குவீங்க, நான் பாப்பேன். அதுக்கப்புறம்தான் நான் புடிச்சுத் தூக்குவேன், அதுவும் நீங்க போதும்னு சொல்ற வரைக்கும்தான். சொன்ன எடத்துல நிறுத்திருவேன்.”

இப்போது கேட்காவிட்டால் எப்போதும் கேட்க மாட்டேன். மேஜைமேல் விளக்கு, விரித்த பீஸ், கண்ணை எடுக்கக் கூடாது. “பேச முடியாதவங்க வந்தா என்னங்க செய்வீங்க?” என்று கேட்டேன்.

“வாதம் வந்தவங்களா? அவங்களுக்கு மொத நாளே சொல்லிருவோமுங்க. நல்லா இருக்கற கையால கட்டிலத் தட்டுங்கன்னு. தட்டுனா நிறுத்திருவோம். சொல்லாட்டியும் அவங்களே தட்டத்தான் செய்வாங்க, மனுசனுக்கு வேற என்ன வழி இருக்குது.”

சொல்லாவிட்டாலும் தட்டுவார்கள். சரி. ஜன்னலில் ஏழு கம்பி இருக்கிறது. கயிற்றில் மூன்று முடிச்சு இருக்கிறது. “இன்னொண்ணுங்க” என்றேன், என் குரல் செக்கிங் மேஜையில் பேசுகிற குரலாக இருந்தது. “பத்துத் தடவைன்னு சொல்லிவிட்டா, முழுசாத் தூக்க முடியாதது அதுல சேருமுங்களா?”

“சேருமுங்க. பாதி வந்தாலும் ஒண்ணுதான். வரவே இல்லீன்னாலும் முயற்சி பண்ணுனா ஒண்ணுதான். பத்து முடிஞ்சா விட்டுரணும்.” பிறகு அவளே கேட்டாள், “ஏனுங்கம்மா, வீட்ல யாருக்குச் செஞ்சீங்க?”

“அவருக்கு. எண்பத்து மூணு நாளுங்க. பாதியில நின்னதை நான் சேர்க்கலீங்க. அவரு தட்டுனாரு. எண்ணறாருன்னு நெனச்சேன்.” இதற்கு மேல் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை, எண்கள் இருக்கின்றன, அவளிடம் எண்களைச் சொல்லக் கூடாது. அவள், அப்போது யாரும் சரியாகச் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள், நல்லது நினைத்துத்தானே செய்தீர்கள் என்று சொல்லுவாள் என்று காத்திருந்தேன். அப்படிச் சொன்னால் வைத்துவிடுவேன். அவள் சொல்லவில்லை. பிறகு, “வலிச்சிருக்கும்” என்றாள். “ரொம்ப வலிச்சிருக்குமுங்கம்மா.”

நான்கு வருடமாக அந்த வார்த்தையை யாரும் என்னிடம் சொல்லவில்லை. வெளியூரில் இருக்கிற மகன் சொல்லவில்லை, டாக்டர் சொல்லவில்லை, எல்லோரும் உன்னைப்போல யார் பார்த்துக்கொள்வார்கள் என்றுதான் சொன்னார்கள். “டாக்டரம்மா” என்றேன், “எனக்குச் செய்யறப்ப நீங்க நிறுத்த வேண்டாமுங்க. நான் தட்டுனாலும் நிறுத்தாதீங்க. எத்தனை தடவைன்னு நான் சொல்றேன்.” கேட்டுவிட்டேன். கேட்டபின்தான் இந்தக் காலை முழுக்க இதைக் கேட்கத்தான் உட்கார்ந்திருந்தேன் என்று தெரிந்தது.

“அது என்னால ஆகாதுங்க” என்றாள். கோபமில்லை, தள்ளிவிடவும் இல்லை, மேஜையில் ஒரு பீஸை விரித்துப் பார்த்துவிட்டு இடது பக்கம் போடுகிற மாதிரி. “அதுக்கு வர்றதா இருந்தா வராதீங்க. கை நல்லாகணும்னு வர்றதா இருந்தா வியாழக்கிழமை பதினொண்ணரைக்கு எடம் இருக்குது. என்கிட்ட வந்தா நீங்க தட்டுனா நான் நிறுத்துவேன்.”

“ஒரு தட்டுக்கேவா?”

“ஒரு தட்டுக்கே.”

கை நல்லாகணுமா என்று என்னையே கேட்டுப் பார்க்கிறேன். கை மடியில் கிடக்கிறது. அது என்னுடைய கைதான், கட்டைவிரல் ஓரத்தில் முப்பத்தொரு வருடம் நூல் வெட்டின தழும்பு இருக்கிறது, அவர் கையில் அது இல்லை. “வாரேனுங்க” என்றேன். “வியாழன், பதினொண்ணரை.” “எழுதிக்கிட்டேன்” என்றாள்.

போனைத் தலையணைப் பக்கத்தில் வைக்கிறேன். பத்து மணிக்கு ஏழு நிமிடம் இருக்கிறது. ஓரத்தில் உட்கார்ந்தவள் காலைத் தூக்கி மேலே போட்டு, இடது கையை ஊன்றி, கட்டிலில் படுக்கிறேன், அவர் தலை வைத்த பக்கம் தலையை வைத்து. இங்கிருந்து ஜன்னல் முழுதாகத் தெரியவில்லை. நான் குனிந்து நின்ற இடத்தில் என் முகம்தான் இருந்திருக்கும், ஜன்னலை மறைத்துக்கொண்டு, உதடு அசைந்துகொண்டு. இதைத்தான் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார். சுவரில் காரை பெயர்ந்த இடம் ஒன்று இருக்கிறது, இத்தனை வருடத்தில் நான் அதைப் பார்த்ததில்லை. வலது கையை மெல்லத் தூக்குகிறேன், தானாக, யாரும் பிடிக்காமல். வருகிறது, வருகிறது, அந்த இடம் வருகிறது. ஏழு. எட்டு. வாயைத் திறக்கிறேன், தமயந்தியிடம் வியாழக்கிழமை சொல்ல வேண்டிய ‘போதும்’, எளிய வார்த்தைதான், வரவில்லை. ஒன்பது. இடது கையால் கட்டில் குழாயில் தட்டினேன். ஒரே ஒரு தட்டு.

சத்தம் இவ்வளவு பெரிதாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. மேலே மிஷின் நின்றது. முக்காலி தள்ளுகிற சத்தம், படியில் செருப்பில்லாத கால் தடதடவென்று இறங்குகிற சத்தம்.

“ஏக்கா, என்ன? என்ன ஆச்சு? இரு, இரு, வந்துட்டேன்.”